பாலைச் சந்தேகித்த தராசுக்காரர்

துருகம் சாலையில் தராசு பழுது பார்க்கும் ரியாசுதீன் எந்த எடையையும் எளிதில் நம்பமாட்டார். இருபத்தைந்து வருஷத் தொழில் அவரை அப்படி ஆக்கியிருந்தது. மருத்துவமனையில் எடை பார்த்தாலும், கடைக்கு வந்து, முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்த தன் தராசில் மறுபடி ஏறி நிற்பார்.

நாற்பத்தெட்டு வயதில் அவருடைய ரத்தச் சர்க்கரை எல்லையைத் தொட்டது. தொப்பையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். ஜிம்மில் சேர்ந்தார். பயிற்சியாளன் பிரவீன்குமார் அவரை ஒரு கருவியின் மேல் வெறுங்காலோடு நிற்கவைத்தான். உடம்பில் கொழுப்பு முப்பது சதவீதம் என்றது அது.

"பாலை நிறுத்துங்க பாய். பால் குடிச்சா இன்சுலின் எகிறும். அப்புறம் கொழுப்பு எங்க கரையும்?" என்றவன், ஒரு புரதமாவு டப்பாவைக் கையில் கொடுத்தான்.

வீட்டில், பி.பார்ம் படிக்கும் மகள் அப்ரின் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "அத்தா, இதுவே பாலுதான். பன்னீர் எடுத்தா மிஞ்சுற தண்ணில இருக்கிற புரதம்."

மறுநாள் டப்பாவோடு போய் நின்றார். "பால் ஆவாதுன்ற, பாலையே டப்பால குடுக்கற. இன்னா தம்பி இது?"

"இது வேற பாய்..." என்றபடி பிரவீன்குமார் அடுத்த ஆளைக் கவனிக்கப் போனான்.

டாக்டரிடம் கேட்டார். "பால் புரதம் இன்சுலினை ஏத்தறது நிஜந்தாங்க. கொஞ்ச நேரத்துல எறங்கிடும். அதனால மட்டும் கொழுப்பு சேராது. மொத்தமா எவ்ளோ சாப்பிடறீங்க, எவ்ளோ அசையறீங்க, அதான் விஷயம்." டாக்டரின் மேசையில் பால் டீயிலிருந்து ஆவி பறந்தது. தன் டீக்காகப் பேசுகிறாரோ என்று ரியாசுதீனுக்குத் தோன்றியது.

தானே பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தார். ஒரு மாதம் பால் இல்லை. அடுத்த மாதம் தினம் இரண்டு டம்ளர். அதற்கு ஈடாக ராத்திரி ஒரு சப்பாத்தி கம்மி. மற்றபடி அதே சாப்பாடு, அதே உடற்பயிற்சி. எடைக்குத் தன் தராசு. இடுப்பை அளக்க மனைவி அத்தியா.

"டேப்ப இறுக்காத. எனக்கு சந்தோசம் வேணாம், சரியான அளவு வேணும்."

"மூச்ச உள்ள இழுக்கறது நீங்க, பழி எம்மேலயா?"

பால் இல்லாத மாதம் ஒன்றரைக் கிலோ குறைந்தது. பால் குடித்த மாதம் ஒன்றேகால். இரண்டிலும் இடுப்பு அரையரை அங்குலம் இறங்கியது.

மிச்சமிருந்தது ஜிம் கருவி. ஏறி நின்றார்: இருபத்தெட்டு. ஒரு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினார்: இருபத்தொன்பது.

"தண்ணியும் கொழுப்பா தம்பி?"

பிரவீன்குமாரின் முகம் வாடியது. "எனக்கு சொல்லிக்குடுத்தவங்க இப்டித்தான் சொன்னாங்க பாய். நானும் ரெண்டு வருசமா பால் குடிக்கல."

அவனை ஏமாற்றுக்காரன் என்று நினைத்திருந்த ரியாசுதீனுக்கு, அவனும் நம்பி ஏமாந்தவன்தான் என்று புரிந்தது. ஜிம்முக்குப் போவதை அவர் விடவில்லை.

விஷயம் தெரிந்து பக்கத்துப் பாத்திரக்கடை அமீர் ஒருநாள் கேட்டார்: "அப்ப தைரியமா பால் குடிக்கலாம்ன்ற?"

"என் ஒடம்ப ஒண்ணும் பண்ணல," என்றார் ரியாசுதீன். "அதுவும் ரெண்டே மாசம். ஒன் ஒடம்பு எனக்கு எப்டித் தெரியும்?"