பக்கத்தில் உட்கார்ந்தேன், பேசவில்லை

சில வருடங்களுக்கு முன், தண்டலம் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எங்கள் ஊர் பென்னலூர். எங்கள் தெருவிலேயே இருந்த என் தோழியும் நானும் ஒரே வகுப்பு. கல்லூரி பஸ்ஸில் ஒரே சீட். அவள் வாய் ஓயவே ஓயாது. அவள் அம்மா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து தூங்குவார் என்பதால் வீட்டில் சத்தம் போட முடியாது. அத்தனையையும் சேர்த்து வைத்து பஸ்ஸில் என்னிடம் கொட்டுவாள்.

ஒருநாள் லேப் முடிந்ததும், கருவிகளைத் திருப்பிக் கொடுக்க அவள் மட்டும் உள்ளே போனாள். நான் வராந்தாவில் நின்றிருந்தேன். உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். சுடிதார் தோள்பக்கம் கிழிந்திருந்தது. பின்னாலேயே வந்த லேப் பொறுப்பாளர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். மறுநாளே அம்மாவைக் கூட்டிப்போய்க் கல்லூரியிலும் போலீஸிலும் புகார் கொடுத்தாள்.

விசாரணைக் குழுத் தலைவி எங்கள் கல்லூரிப் பேராசிரியைதான். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ ஒருத்திதாம்மா சாட்சி. விசாரணை முடியற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் பேசிக்காதீங்க. சொல்லிக் கொடுத்துப் பேசறாங்கன்னு அவர் தரப்புல சொல்லிடுவாங்க" என்றார். அவளிடமும் இதையே சொல்லியிருந்தார். நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து பஸ்ஸில் முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் சீட்டில் அவள் தனியாக வந்தாள்.

குழு கூடுவதாகவே இல்லை. உறுப்பினர் வரவில்லை என்றார்கள், அப்புறம் பரீட்சை என்றார்கள். அந்த லேப் பொறுப்பாளர் மட்டும் வழக்கம்போல வந்து போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் பஸ்ஸில் ஒரு சீனியர் அக்கா பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"அவ ஃப்ரெண்டே ஒதுங்கிக்கினா. அப்ப இவ சொல்றது மெய்யா இன்னா?"

விசாரணை விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்பதால் வாயைத் திறக்கவும் முடியவில்லை. நேராகப் பேராசிரியையிடம் போய், நான் விலகியிருப்பதே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது என்று அழுதேன். விதிமுறையை அவரால் மாற்ற முடியாது என்றார். "பேசக் கூடாது, சரி மேடம். பக்கத்துல உட்காரலாமா?" என்று கேட்டேன். "உட்காரக் கூடாதுன்னு நான் சொல்லலியே."

மறுநாள் எல்லோரும் பார்க்க நடந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பஸ் மாட்டிக்கொண்டு நின்றபோது, திரும்பாமலே என் கையைப் பிடித்தாள். கல்லூரி வரும்வரை விடவில்லை. அன்று சாயங்காலம் வேலைக்குக் கிளம்பிய அவள் அம்மா என்னைத் தெருமுனையில் நிறுத்தி, "இன்னிக்கிதான் கண்ணு அவ ஒயுங்கா சோறு துன்னா" என்றார்.

தினமும் அப்படித்தான் போனோம், ஒரு வார்த்தை இல்லாமல். ஒருவழியாகக் குழு கூடியது. பார்த்ததைச் சொன்னேன். புகார் உண்மை என்று முடிவாகி அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். போலீஸ் வழக்கு இன்னும் நடக்கிறது. பேசலாம் என்றான அன்று, எவ்வளவோ சொல்ல நினைத்திருந்தும் இரண்டு பேருக்கும் வார்த்தை வரவில்லை. அந்த வராந்தாவில் நடக்க அவளால் முடியவில்லை. கோயம்புத்தூரில் வேறு கல்லூரிக்கு மாறிப் போய்விட்டாள்.

இப்போதும் ஃபோன் செய்கிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், அளவாகச் சிரிக்கிறாள். கல்லூரி கடைசியில் சரியாகத்தான் தீர்ப்பு சொன்னது. ஆனால் அவளோடு சண்டைகூடப் போடாமல் கழிந்த அந்த வாரங்களையும் அதற்கு முன்னிருந்த அவளையும் யார் திருப்பித் தருவார்கள் என்று நினைத்தபடி, அவள் ஃபோனை வைத்த பிறகும் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருக்கிறேன்.