கிளிசரினுக்குச் சொன்ன பொய்

இரத்தினம்மாவுக்கு எரிச்சல் வந்தால் முதலில் காது சுடும். புஸ்பம் கல்யாணம் முடித்த நாளிலிருந்து அந்தக் காது ஆறவே இல்லை.

எப்படி ஆறும்? வாத்தியார் யோகராசா பெண் பார்க்க வந்தது இரத்தினம்மாவைத்தான். தலைவாரிப் பூ வைத்துவிடக் கூப்பிட்ட அத்தை மகள் புஸ்பம், பலகாரத் தட்டோடு அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். செய்த வேலை அவ்வளவுதான். மூன்றாம் நாள் தரகர் வந்து, மாப்பிள்ளைக்கு மற்றப் பிள்ளையைத்தான் பிடித்திருக்கிறதாம் என்றார். புஸ்பம் நல்ல நிறம். இரத்தினம்மா கறுப்பு. அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கல்யாணம் முடித்தவர்கள் குடிவந்ததோ இவள் வீட்டு வேலிக்கு அடுத்த பக்கம். கொடுமைதான்!

இரத்தினம்மா களுவாஞ்சிகுடியில் ஒரு பாமசியில் பதினொரு வருசமாக மருந்து எடுத்துக்கொடுக்கும் வேலை செய்தாள். வெளிநாட்டிலிருந்து வரும் கிறீமையும் ஷாம்புவையும் அவளுடைய ஊரான குருக்கள்மடத்துப் பெண்கள் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். பின்பக்கத்து எறும்பெழுத்தை அவள் விரல் வைத்து வாசிப்பாள்.

"இது தண்ணி. இது மெழுகு. இது வாசத்துக்கு. இது கெட்டுப்போகாம இருக்கப் போடுறது. முக்கால் போத்தலும் தண்ணிதான்கா!"

ஒருவரிடமும் அவள் பொய் சொன்னதில்லை, புஸ்பத்தைத் தவிர.

தொண்ணூற்றேழில், சண்டைக் காலத்தில், கட்டாரிலிருந்த புஸ்பத்தின் தம்பி அவளுக்கு இரண்டு போத்தல் லோஷன் அனுப்பினான். அதைப் பூசிக்கொண்டு அவள் வேலியடியில் வந்து நின்றால் வாசம் இந்த வளவு வரைக்கும் வரும். இரத்தினம்மாவின் காது சுட்டது. போத்தலை வாங்கி வாசித்தாள். தண்ணீர், கிளிசரின், மெழுகு, வாசனை. அப்பழுக்கில்லாத சாமான்.

"ஐயோ புஸ்பம், இதில கிளிசரின் இருக்கு. குண்டு செய்யிற சாமான் இது. நீ கிழமைக்கொருக்கா துறையால வாவியைக் கடந்து, இயக்கம் இருக்கிற படுவான்கரைக்குப் போறவள். ஆமி கண்டா விடுவானா?"

புஸ்பம் நம்பிவிட்டாள். அன்று பின்னேரமே இரண்டு போத்தலையும் வாவிக்குள் எறிந்துவிட்டு வந்தாள். இரத்தினம்மா அன்றைக்கு இரண்டு கோப்பை சோறு கூடுதலாகத் தின்றாள்.

ஒரு மாதம் போகவில்லை. புஸ்பம் பிள்ளைத்தாச்சியானாள். வீட்டுக்கு வந்த மருத்துவிச்சி குண்டுக் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உதடு வெடித்தால் ஆஸ்பத்திரியில் பூசுவதே கிளிசரின்தானே! அதற்குப் பிறகு புஸ்பம் எந்தப் போத்தலையும் வேலிக்கு இந்தப் பக்கம் நீட்டவில்லை.

ஐந்தாம் மாதம் புஸ்பத்தின் கன்னத்தில் மங்கு விழுந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் கறுப்புத் திட்டு. இரத்தினம்மா ஒளிக்காமல் சந்தோசப்பட்டாள். ஆனால் அந்தச் சந்தோசம் நிலைக்கவில்லை. தம்பி ஒரு வெள்ளைப்படுத்தும் கிறீம் அனுப்பிவிட்டான். அதன் பெட்டி குப்பையோடு வேலியடியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். எறும்பெழுத்தில் மூன்றாவது பெயர் மேர்க்குரி. பாதரசம். தோலுக்குள்ளால் போய் இரத்தத்தில் கலக்கும், வயிற்றுப் பிள்ளையையும் விடாது என்று பாமசியிலிருந்த தடித்த புத்தகத்தில் அவள் வாசித்திருக்கிறாள்.

வேலியால் எட்டிச் சொன்னாள். புஸ்பம் சிரித்தாள்.

"இதுவும் குண்டோ மச்சாள்?"

சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அவள் பாடு என்று இரத்தினம்மா திரும்பிவிட்டாள். பத்து நாளில் மங்கு மறையத் தொடங்கியது. கன்னம் முன்னையை விட மினுங்கியது. பார்க்கப் பார்க்க இவளுக்குக் காது சுட்டது. பூசட்டும், நல்லாப் பூசட்டும்!

அடுத்த நாள் பாமசியில் காய்ச்சல் பார்க்கும் தேர்மோமீட்டர் ஒன்று விழுந்து உடைந்தது. பாதரசம் வெள்ளி மணியாக உருண்டு ஓடியது. மருந்து வாங்க நின்ற ஒரு பெண் வயிற்றைத் தாங்கியபடி குனிந்தாள்.

"புள்ளத்தாச்சி, கிட்ட வராதீங்க!"

கத்தியது இரத்தினம்மாதான். மணிகளைக் கடதாசியால் கூட்டி அள்ளினாள். பிறகு முதலாளியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

புஸ்பம் விறாந்தையில் இருந்தாள். யோகராசா பள்ளிப் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். அந்த மனிதர் முன்னால் இந்தக் கதையைச் சொல்வதை விட வாவியில் குதிக்கலாம் என்று இரத்தினம்மாவுக்குத் தோன்றியது. ஆனாலும் சொன்னாள்.

"கிளிசரினுக்கு நான் பொய் சொன்னன். தெரிஞ்சுதான் சொன்னன். இவர் என்னைப் பாக்க வந்து உன்னைக் கட்டினாரெண்டு எனக்கு எரிச்சல். மேர்க்குரிக்குப் பொய் சொல்லல்ல."

யோகராசாவின் சிவப்புப் பேனை அப்படியே நின்றுவிட்டது. புஸ்பத்தின் முகம் மாறியது.

"அப்ப இதையும் எரிச்சலில சொல்லல்ல எண்டு நான் எப்பிடி நம்புற?"

"எரிச்சல் இப்பவும் இருக்கு புஸ்பம். எரிச்சல் மட்டும் எண்டா நான் வாயே திறந்திருக்க மாட்டன். வேலிக்கு அங்கால நிண்டு பாத்துக்கொண்டு இருந்திருப்பன். பத்து நாள் அப்பிடித்தான் நிண்டன்."

புஸ்பம் உள்ளே போய் கிறீம் டப்பியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள். வாவென்றும் சொல்லவில்லை, போவென்றும் சொல்லவில்லை.

மாசியில் பெண்பிள்ளை பிறந்தது. சுகமான பிள்ளை, நல்ல கறுப்பு. இரத்தினம்மாவைக் கூப்பிட்டு ஆள் வந்தது. போய் நின்றாள். புஸ்பத்தின் கன்னத்தில் மங்கு திரும்பியிருந்தது. அவள் ஒரு பேபி எண்ணெய்ப் போத்தலை நீட்டினாள்.

இரத்தினம்மா விரல் வைத்து, ஒரு சொல்லும் விடாமல் வாசித்தாள்.

"பயமில்ல. பூசு."

"இப்பவும் எரிச்சலா மச்சாள்?"

யோகராசா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். இரத்தினம்மா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். காது சுட்டது.

"ஓம், இருக்கு" என்றாள். "எண்ணெய் நல்லது."