இப்போது இறக்கலாம்

இணையத்தில் எதையாவது இறக்கப் போனால் நாலைந்து பச்சைப் பட்டன்கள் வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றுதான் உண்மை, மற்றதெல்லாம் பொய். பிழையானதை அழுத்தினால் சூதாட்டம், அசிங்கப் படம், இல்லையென்றால் வைரஸ். அந்தப் பக்கங்களைச் செய்கிற நாசமாய்ப் போனவர்களின் கையை முறிக்க வேண்டும் என்று றிபா சொல்லுவாள். கல்முனை பஸாரில் போன் திருத்துகிற கடையில் மூன்று வருடம் இருந்து, ஏமாந்துபோய் வந்த சனத்தின் முகத்தைப் பார்த்தவள் அவள். பிறகுதான் எங்கள் ஒபிசில் சேர்ந்து, என் பக்கத்துக் கதிரையில் இருந்து இணையப் பக்கம் வடிவமைத்தாள்.

அவளுடைய வாப்பா அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மௌத்தாகிவிட்டார். படிப்பித்து ஆளாக்கியவர் உம்மாவின் தம்பி, அதாவுல்லா மாமா. சாய்ந்தமருதில் ஒரு சின்னத் தோணி வைத்திருந்தார். வானத்தைப் பார்த்துக் கடலுக்குப் போகிற மனிதர். காற்றுக் கிளம்பினால் றிபாவுக்கு ஒபிசில் வேலை ஓடாது. மாமா கரைக்கு வந்துவிட்டார் என்று மாமி கோல் எடுத்துச் சொன்ன பிறகுதான் தண்ணீர் கூடக் குடிப்பாள்.

அதனால்தான் மீனவர்களுக்குக் காற்றும் அலையும் சொல்லுகிற 'கடல் நிலை' என்ற போன் அப்புக்கு, அதை இறக்கிக்கொள்ளும் பக்கத்தைச் செய்துதரும்படி கொழும்பிலிருந்து ஓடர் வந்தபோது துள்ளிக் குதித்தாள்.

"முஸ்பிறா, இது என்ட மாமாவுக்குச் செய்யிற வேல. ஒரே ஒரு பட்டன்தான் வைப்பன். கண் தெரியாத ஆளுக்கும் விளங்கணும்."

முதலில் 'பதிவிறக்கம் செய்யுங்கள்' என்று போட்டாள். சின்னப் போனில் அது மூன்றாக உடைந்து தொங்கியது.

"பதிவு எண்டா எங்கட சனம் பயப்படும் புள்ள. அரசாங்கக் கச்சேரியில பேர் பதியச் சொல்றாங்க எண்டு நினைச்சி மூடிட்டுப் போயிடும்" என்றேன். நான்தான் சொன்னேன். இந்த வாயை எதால் அடிப்பது?

"அப்ப பதிவ வெட்டுவம்" என்று சிரித்தாள்.

வெட்டினாள். மேலே பெரிய எழுத்தில் 'கடல் நிலை'. கீழே பச்சைப் பட்டனில் 'இப்போது இறக்கலாம்'. வேறு ஒரு சொல் இல்லை. எங்கள் மனேஜர் ஜுனைட் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், கண்ணாடி மாதிரி இரிக்கி" என்றார். ஒபிசில் எட்டுப் பேரும் பார்த்தோம், எட்டுப் பேரும் தலையாட்டினோம். எல்லோரும் ஏசிக்குள் இருக்கிறவர்கள். கடலுக்குப் போகிற ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுவோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

றிபா முதல் வேலையாக அந்த லிங்கை மாமாவின் வட்ஸ்அப்புக்கு அனுப்பினாள். மூன்று கிழமை கழித்து மாமா ஒரு பையில் பாரைக்குட்டி மீனோடு ஒபிசுக்கு வந்தார்.

"உன்ட சாமான் நல்லம் மகள். சுபஹு தொழுதிட்டு வந்து அதத் திறந்து பாக்காம நான் போறல்ல. ரெண்டே சொல்லு. எனக்கே விளங்குது எண்டாப் பாருவன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குப் பகல் சோறு கூட இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். காற்று வரும் நாளில் அது என்ன காட்டுகிறது மாமா என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடியும்போதே கிழக்கு இருண்டு கிடந்தது. கரையில் மற்றவர்கள் தோணியில் கை வைக்கவில்லை. மாமாவைத் தடுத்தும் பார்த்தார்களாம். "என்ட மருமகள் செஞ்சது இண்டுவரைக்கும் பிழை விட்டதில்ல" என்று போனைக் காட்டிவிட்டுத் தனியாகப் போனார். மூன்றாம் நாள் ஒலுவில் கரையில் அவருடைய மையத்து ஒதுங்கியது.

அடக்கம் முடிந்து நாலு நாளில் றிபாவோடு நானும் மாமியிடம் போனேன். மாமி, கணவனை இழந்தவர்கள் வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்கும் இத்தாவில் இருந்தார். றிபாவைப் பக்கத்தில் இருத்தி, கரையில் கூட்டாளியிடம் மாமா கொடுத்துவிட்டுப் போன போனை அவள் கையில் வைத்தார்.

"இதப் பாத்துட்டுத்தான் மகள் போனார். இறக்கலாம் எண்டு போட்டிருந்திச்சி. தோணிய இறக்கினார். இண்டைக்கும் அப்பிடித்தான் இரிக்கி, பாரு."

பக்கம் திறந்தபடியே இருந்தது. கடல் நிலை. இப்போது இறக்கலாம். அந்தப் பட்டனை மாமா ஒருநாளும் அழுத்தியதில்லை. அப்பு அவருடைய போனில் ஏறவே இல்லை. செவ்வாய்க்கிழமை அப்புக்குள்ளே ஆபத்து என்று முழுக்கச் சிவப்பாக இருந்ததை நாங்கள் ஒபிசில் இருந்து பார்த்தவர்கள்; மாமாவும் பார்த்திருப்பார், போயிருக்க மாட்டார் என்று இருந்துவிட்டோம். மூன்று கிழமைக்கு மேலாக அவர் பார்த்துவிட்டுப் போனது வாசல் கதவை மட்டும்.

றிபா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மாமி அவள் தலையைத் தடவினார்.

"அழாத மகள். நீ சரியாத்தான் போட்டிருப்பாய். அந்தக் கடல்தான் பொய் சொல்லிட்டுது."

றிபா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அந்தச் சொல்லை அன்றைக்கே மாற்றிவிட்டோம். மாமியிடம் மட்டும் இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை. அவர் கடலைத்தான் ஏசிக்கொண்டிருக்கிறார்.