மாமி கேட்ட ஒரு செம்பு மோர்

எங்கள் பெரியப்பாவைப் போலத் தருமவான் சுன்னாகத்துக்கு இந்தப் பக்கத்தில் கிடையாது என்று ஊர் சொல்லும். கோயில் தேருக்கு வருகிற சனத்துக்கு ஆண்டுதோறும் தண்ணீர்ப்பந்தல் போடுகிறவர் அவர்தான். கிடாரத்தில் மோரைக் கரைத்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் தட்டிப்போட்டு, தன் கையாலேயே வார்ப்பார். நானும் வயிறு முட்டக் குடித்திருக்கிறேன். மோரில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

நாங்கள் எல்லோரும் குஞ்சியப்பு என்று கூப்பிட்ட கிழவர் அப்பாவின் சித்தப்பா. பிள்ளைகுட்டி இல்லாதவர். கடைசிவரை வைத்துப் பார்ப்பதாகச் சொன்ன பெரியப்பாவுக்கே வீட்டையும் தோட்டத்தையும் எழுதிவிட்டு அவருடனேயே இருந்தார். நான் சிறுபிள்ளையாக இருந்த அந்த வருடம் யார் பார்க்கப் போனாலும், "இப்பதான் கண்ணயர்ந்தவர், எழுப்பக்கூடாது" என்று பெரியம்மா திருப்பி அனுப்பிவிடுவாள். எந்நேரமும் நித்திரை கொள்ளக் கொடுத்துவைத்த மனிதர் என்று எனக்கு அவர்மேல் பொறாமை.

ஒருநாள் அவர்களுடைய வீட்டுப் பின்வளவில் விளாம்பழம் பொறுக்கப் போனேன். புகையிலைக்குப் புகை போடுகிற கொட்டிலுக்குள் யாரோ அனுங்குகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் குஞ்சியப்பு வெறும் சாக்கில் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. "பிள்ளை, தண்ணி" என்றார். நான் கிணற்றடிக்குப் போய் வாளியைத் தொடுவதற்குள் பெரியம்மா வந்து என்னைத் துரத்திவிட்டாள். ஓடிப்போய் மாமியிடம் சொன்னேன்.

மாமி அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. அண்ணன்மார் முன்னால் நிமிர்ந்து கதைத்தறியாதவள். அன்று நேரே பெரியப்பாவிடம் போய்க் கேட்டாள். "வீட்டுச் சங்கதியைச் சந்திக்குக் கொண்டுபோகாதை. உன்ரை அலுவலைப் பார்" என்று அவர் படலையைச் சாத்திவிட்டார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அழுதாள். அண்ணரை எதிர்த்து எப்படி என்று அப்பா தலையைச் சொறிந்தார். எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகளின் வீரம் அவ்வளவுதான்.

மறுநாள் தேர். பந்தலடியில் சனம் நெருக்கியடித்தது. ஊர் அதிகாரியான விதானையாரும் குடையைச் சுருக்கிக்கொண்டு மோருக்கு வந்து நின்றார். அந்த நாளில் எங்கள் ஊருக்குப் பொலிசும் அவர்தான், வழக்குக் கேட்கிற கோடும் அவர்தான். மாமி என் கையைப் பிடித்தபடி சனத்தை விலக்கிக்கொண்டு போய், வீட்டிலிருந்து கொண்டுவந்த செம்பை அண்ணனிடம் நீட்டினாள்.

"அண்ணை, குஞ்சியப்புவுக்கு ஒரு செம்பு மோர் தாங்கோ. மனுசன் கொட்டிலுக்கை தண்ணியில்லாமல் கிடக்குது."

பெரியப்பாவின் அகப்பை பாதியில் நின்றது. "உவளுக்கு விசர், புத்தி பேதலிச்சுப்போச்சு" என்று சனத்தைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். ஒருவரும் கூடச் சிரிக்கவில்லை. மாமி விதானையார் பக்கம் திரும்பினாள்.

"நீங்களே வந்து பாருங்கோ விதானையார். நான் சொல்லுறது பொய்யெண்டால் என்னைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ."

விதானையார் வாங்கிய மோரைக் குடிக்காமல் வைத்தார். "நட பிள்ளை, பாப்பம்" என்றார்.

கொட்டிலைப் பார்த்ததும் பெரியப்பாவைக் கோட்டுக்கு ஏற்றாமல் விடமாட்டேன் என்று துள்ளினார். எனக்கோ சந்தோசத்தில் பெரும் புளுகம். விலங்கு மாட்டிக் கொண்டுபோவதைக் கிட்ட நின்று பார்க்கலாம் அல்லவா! மாமிதான் கெடுத்தாள். "அண்ணையை ஒண்டும் செய்யாதேங்கோ. இவரை என்னட்டைத் தந்தால் அதுவே காணும்" என்று கும்பிட்டாள். குஞ்சியப்புவை மாட்டுவண்டிலில் கிடத்தி, ஊரே பார்க்கத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவளைப் போலத் துணிந்த ஒருத்தியை நான் அதற்குப் பிறகும் கண்டதில்லை.

பின்னேரம் கிழவரைத் துடைத்துக் கஞ்சி பருக்கிவிட்டு, தான் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் அடுப்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். நான் போய், "மாமி, பெரியப்பாவை நல்லா வெண்டுபோட்டியள்!" என்று கைகொட்டினேன்.

ஓங்கி ஒரு குட்டு விழுந்தது. என்னை ஒருநாளும் அடித்தறியாத கை. நான் வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் மாமியும் அழுதாள். வென்றவள் ஏன் அழவேண்டும்? கூடப்பிறந்தவனின் வாசலை இனி ஒருநாளும் மிதிக்க முடியாது என்பது அவளுக்கு அன்றே தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் தலை வலித்தது மட்டும்தான்.