கார் ஷெட்டுக்கு வந்த பனை

முதலாளி வீட்டுக் கூடத்திலிருந்து அந்தப் பனைத் தொட்டியை வெளியே தூக்கிய காலையில் அங்கே இருந்தவர்கள் மூன்று பேர்: அப்பா, நான், வீட்டுக்குத் தண்ணீர் அடித்து ஊற்ற வரும் கன்னியப்பன். இல்லாதவர்கள் என்றால் முதலில் முதலாளி குடும்பம். கோடை விடுமுறைக்குத் திருச்செந்தூர்ப் பக்கம் சொந்த ஊருக்குப் போயிருந்தார்கள். அடுத்து என் அம்மா. அவர் அப்போது இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், அக்காவின் பிரசவத்துக்காகத் தங்கியிருந்தார். அக்காவின் புருஷனுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. எங்களுக்கு இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியா என்று எழுதி வந்தது. குழந்தை பிறந்ததும் அம்மா கப்பல் ஏறுவதாக ஏற்பாடு. அவர் வந்து இறங்க ஓர் அறை வேண்டும் என்பதுதான் அந்த நாட்களில் எங்களுக்கு இருந்த ஒரே கவலை. பனையைத் தூக்கியதும் அந்தக் கவலையால்தான்.

அங்கே இன்னும் பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்கும் நம்மவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சென்னையில், தியாகராய நகர் போன்ற இடங்களில், வசதியுள்ள சிலர் பனையை வீட்டுக்குள் வளர்க்கிறார்கள். தெருவுக்குத் தெரு தென்னை நிற்கிறது. கிண்டி தாண்டினால் பனை மரங்கள் வெட்டவெளியில் வரிசையாக நிற்கின்றன. அப்படியிருக்க ஒரு பனை மட்டும் சோபாவுக்குப் பக்கத்தில், ஃபேனுக்கு அடியில், பித்தளைத் தொட்டியில் உட்கார்ந்திருக்கும். இடுப்பு உயரம், மூங்கிலைப் போல் மெலிந்த தண்டுகள், விரலை விரித்த கைபோல இலைகள். சாந்தோமில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரம்மா ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது விற்ற சாமான்களோடு அதுவும் வந்ததாம். வீட்டில் அதற்குப் பெயர் குரோட்டன்ஸ். தொட்டியில் இருக்கும் எதுவும் அவர்களுக்குக் குரோட்டன்ஸ்தான். நாமோ தேயிலை மலைக்காரர்கள். தென்னை, பனை எல்லாம் ரயிலில் கீழே இறங்கும்போது ஜன்னல் வழியே பார்த்தவை.

முதலாளிக்குத் துணிக்கடை. அங்கே நான் கணக்கு எழுதினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அந்த வேலை கிடைத்தது. வீட்டின் பின்னால், கார் இல்லாத கார் ஷெட்டை ஒட்டியிருந்த அறையில் அப்பாவும் நானும் தற்காலிகமாகத் தங்கியிருந்தோம். ஊருக்குப் புறப்படும்போது முதலாளியம்மா கூடத்துச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"ரூம் விசயம் போயிட்டு வந்து சொல்லுதேன் தம்பி. எங்க மைனி மவன் கடைக்கு வாரேங்கான். அவனுக்கும் எடம் வேணும்லா. அதுவரைக்கும் அந்தக் குரோட்டன்ஸ மட்டும் பாத்துக்கிடுங்க. மேல்மண்ணு காஞ்சா தண்ணி. வெயில் ஆவாதாம். அந்தச் சட்டைக்காரம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனா."

இதை நான் அப்படியே அப்பாவிடம் சொன்னேன். அப்பா தன் உழைப்புக் காலத்தில் பாதியைத் தேயிலை நாற்று மேடையில் கழித்தவர். நாற்று மேடை எப்படியென்று உங்களுக்குத் தெரியும். குச்சி நட்டு, மேலே பன்னச்செடித் தழையைப் பரப்பி நிழல் போடுவார்கள். நாற்று வேர் பிடித்ததும் அந்தப் பன்னத்தைப் பிடிபிடியாக உருவிக்கொண்டே வருவார்கள். கடைசியில் வானம் மட்டும் மிஞ்சும். அப்படிப் பழகாத நாற்றை மலைச்சரிவில் வைத்தால் நிற்காது. அப்பா தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஆகாதுன்னா இப்ப ஆகாதுன்னு அர்த்தம் தம்பி. நாத்துக்கும் அப்படித்தானே சொல்லுவோம். பழக்குனா ஆகும். நெழல்லயே கெடந்தா இது எப்ப மரமாகுறது?"

தோட்டத்துப் பள்ளியில் நான் இலைப் படம் வரைந்து, சூரியனிலிருந்து இலைக்கு ஓர் அம்புக்குறி போட்டவன். இலை வெயிலில்தான் சாப்பாடு சமைக்கிறது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன். அப்பாவின் மேடையும் என் அம்புக்குறியும் ஒரே பக்கம் காட்டின. முதலாளியம்மா திரும்பி வரும்போது செடி தளதளவென்று நின்றால் அறை விஷயம் தானாக நல்லபடி முடியும் என்று இருவரும் நினைத்தோம். 

தொட்டியைப் பக்கவாட்டு வராந்தாவில் வைத்து, மேலே ஒரு கீற்றுத் தட்டியைச் சாய்த்தோம். அப்பா தினமும் அதில் ஓரிரு ஓலையை உருவினார். கன்னியப்பன் பம்பை நிறுத்திவிட்டு வந்து வேடிக்கை பார்ப்பான். இவன்தான் நான் வந்த புதிதில், "சிலோனா? ரேடியோல பாட்டு போடுவானே, அந்த ஊரா?" என்று கேட்டவன். எங்கள் லயத்தில் ரேடியோவே கிடையாது என்றதும், "பாட்டு போடுற ஊர்லேர்ந்து வந்துட்டு பாட்டு தெர்லன்றியே நைனா" என்று வருத்தப்பட்டான். அன்றிலிருந்து அவனுக்கு என் ஊரின்மேல் சந்தேகம்.

"இன்னா பெர்சு, அதுக்குப் போலீஸ் டிரெயினிங் குட்த்துகினு கீறே? பாவம், ஃபேனுக்குக் கீய வளந்த பொண்ணு அது."

"பழகிரும்ப்பா" என்றார் அப்பா.

முதலில் செடி எங்கள் பக்கம்தான் பேசியது. நடுத்தண்டில் பச்சை ஊசியாக ஒரு குருத்து தலைகாட்டியது. அப்பா அதை எனக்குக் காட்டி, அம்மாவுக்குக் கடிதத்தில் எழுதச் சொன்னார். எழுதினேன். கத்திரி வெயில் தொடங்கிய சமயம் தட்டியை முழுதாக எடுத்தோம். இலைகள் வாடவில்லை. வாடியிருந்தால் எங்களுக்குப் புரிந்திருக்கும். கொழுந்து வாடுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். இவை வெளுத்தன. சுவரில் ஒட்டிய பழைய போஸ்டர்போல நிறம் போய், பிறகு நுனியிலிருந்து பழுப்பேறி, தொட்டால் காகிதமாக நொறுங்கின. அப்பா குந்தி உட்கார்ந்து ஓர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூச்சி தேடினார். பூச்சி இல்லை.

"நாமல்லாம் வெயில்ல கீறோம் மாமா, நம்பள யாரு பயக்கி உட்டா?" என்றான் கன்னியப்பன். அவனுக்கு ஒரு வழியும் தோன்றியது. "அட்யார்ல ஒரு பங்களா தோட்டக்காரன் நம்ம தோஸ்து. அங்க இதே மாறி நெறைய கீது. ஒண்ணு கேட்டு வாங்கிகினு வரேன். அந்தம்மாக்கு இன்னா தெரியப்போவுது?"

அப்பா, "அங்க அது வெயில்லயா நிக்குது?" என்று கேட்டார்.

"மாமரத்துக்குக் கீய."

"இப்ப மட்டுமா?"

"பொறந்ததுலேர்ந்து அங்கதான் கீது. அங்கயே வளந்து ஆள் ஒசரம் ஆயிடுச்சு."

 அப்பா எழுந்து தொட்டியின் ஒரு காதைப் பிடித்தார். மறு காதை நான் பிடித்தேன். நிழலிலேயே பிறந்து நிழலிலேயே பெரியதாகும் செடி ஒன்று உண்டு என்பது அவருக்குப் புதுச் செய்தி. கூடத்துக்குப் போகாமல் எங்கள் அறைக்குத் திருப்பினார். அந்த அறைக்கு ஒரே ஜன்னல். அது பக்கத்து வீட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தது. வெயில் எட்டிப் பார்த்ததே இல்லை. ஆனால் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நாளெல்லாம் இருக்கும். கன்னியப்பனின் வேறு செடி யோசனை அத்தோடு நின்றது.

முதலாளியம்மா கருப்பட்டிக் கூடையோடு வந்து இறங்கினார். கூடத்து மூலையைப் பார்த்தார்.

"குரோட்டன்ஸ எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "வெயில்ல வச்சுட்டேம்மா. எங்க ஊரு நாத்து மாதிரின்னு நெனச்சுட்டேன்."

முதலாளியம்மா எங்கள் அறைக்குள் அன்றுதான் முதல்முறையாகக் கால் வைத்தார். ஓர் இலையைத் தொட்டார்; அது கையோடு வந்தது. பின்னாலேயே வந்த முதலாளி, "அன்னைக்கே சொன்னேம்லா, ஊரு தெரியாத ஆளுக கிட்ட சாவியக் குடுக்காதேன்னு" என்றார்.

முதலாளியம்மா அவர் பக்கம் திரும்பினார்: "சும்மா இரிங்க. கடையில சட்டையத் தப்பாத் தச்ச டெய்லரை அனுப்பிட்டா தப்பாத் தச்ச சட்டைதான மிச்சம்? அவன ஒக்கார வச்சுத்தான பிரிச்சுத் தைக்கச் சொல்லுதிய?"

அப்பா பழுப்பு இலைகளை விலக்கி நடுவே காட்டினார். ஊசி இன்னும் பச்சையாக இருந்தது.

"சரி, குருத்து விரியட்டும். பொறவு பேசுவோம்" என்றார் முதலாளியம்மா.

அந்தப் 'பொறவு' எவ்வளவு நீளம் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அந்த இனப் பனை அவசரப்படாது. மைனி மவன் என்ற அவருடைய அண்ணி மகன் வந்து சேர்ந்தான். பெட்டியோடு கடை மாடியில் படுத்துக்கொண்டான். எங்களை இருக்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அந்த நிலை நமக்குப் புதிதல்ல. அங்கே நம்மை இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே கடையில் என் பெயரே சிலோன்தான். "சிலோன், அந்தப் பில்லை எடு" என்பார்கள். நானும் எடுத்துக் கொடுப்பேன். மாலையில் அறைக்கு வந்ததும் முதல் வேலை மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பது. அப்பாவின் கை தண்ணீர்ச் செம்புக்குப் போகும். மேல்மண் ஈரமாக இருந்தால் நான் தடுப்பேன். காய்ந்த இலைகளை அடியோடு வெட்டினோம். பாதி பச்சையானவற்றை விட்டுவைத்தோம்.

ஆடியில் அம்மா வந்தார். அறையில் காற்று வரும் ஒரே இடத்தைத் தொட்டி பிடித்துக்கொண்டிருந்தது. அப்பா தன் பாயை ஏற்கெனவே ஷெட்டுக்கு மாற்றியிருந்தார். அம்மா மூட்டையை இறக்கிவைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார்.

"இது யாருது?"

"வீட்டுக்காரம்மாவுது."

"அப்ப நாம அதோட அறையிலதான் இருக்கமா?"

அப்பா சிரித்தார். சென்னைக்கு வந்தபின் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஈரத்துணியால் இலைகளைத் துடைக்கும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். ஒரு நாள் துடைத்துக்கொண்டே அக்காவின் குழந்தையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகப் போய்க் குருத்தைப் பிடித்துவிட்டன. தேயிலை மலையில் இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் என்று நாளெல்லாம் கிள்ளிய விரல்கள் அவை. "கை, கை" என்றார் அப்பா வாசலிலிருந்து. அம்மா கையை எடுத்து, அதை வேறு யாருடைய கையோபோல் பார்த்தார். அதன்பின் குருத்தை மட்டும் புறங்கையால் துடைப்பார்.

தீபாவளிக்குக் கடை பரபரப்பாக இருந்த வாரத்தில் குருத்து விரிந்தது. முதலாளியம்மா வந்து பார்த்து, விருந்தாட்கள் வருகிறார்கள் என்று கூடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். பண்டிகை முடிந்ததும் அவரே அதைத் திருப்பி அனுப்பினார்.

"ஒங்க ரூம்லதான் அது முகம் தெளியுது. ஆளு வந்தா இங்க தூக்கிட்டு வாங்க, போனா அங்க வச்சிக்கிடுங்க. மைனி மவன் கடையிலயே இருந்துக்கிடட்டும். ஆனா சும்மா இருந்தா நல்லாருக்காது பெரியவரே, வாடகைன்னு ஒண்ணு குடுத்திருங்க. ரசீது போட்டுத் தாரேன், ரேசன் கார்டுக்குக் கேப்பாவ."

இப்போதும் வீட்டுக்கு யாராவது வந்தால் அப்பா ஒரு காதையும் நான் மறு காதையும் பிடித்து அதைக் கூடத்துக்குத் தூக்கிச் செல்கிறோம். அது எங்கள் ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து வளர்ந்துவிட்டது. அந்தச் சாய்வு வந்தவர்கள் கண்ணில் படாதபடி, சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கச் சொல்வார் முதலாளியம்மா. அவர்கள் போனதும் தூக்கி வந்து வெளிச்சத்தைப் பார்க்கத் திருப்பி வைக்கிறோம். அப்பா, அம்மா, நான், பனை: நால்வருக்கும் சேர்த்து மாத வாடகை பதினெட்டு ரூபாய்.