கூரையில்லாத வீடு காட்டும் வேலை

சுற்றுலா வழிகாட்டி வேலையில் கோட்டை காட்டலாம், கடல் காட்டலாம். முழங்கால் உயரக் கல்வட்டத்தைக் காட்டி "இது வீடு" என்று சொல்வதுதான் சிரமம். லண்டனுக்கு வந்த உறவினரை ஊர் சுற்றிக் காட்டி வாங்கிக்கட்டிய எல்லோருக்கும் இது விளங்கும்.

பத்திரிகை வேலையை விட்டபின் லண்டன் டூட்டிங்கில் சுற்றுலா பஸ் விடும் சிவம் அண்ணையிடம் நான்தான் வழிகாட்டி. இங்கிலாந்தின் தென்மேற்கில், இந்தக் கல்வட்டங்கள் கிடக்கும் டார்ட்மூர் மேட்டுநிலத்துக்கு ஆட்களைக் கூட்டிப்போவது என் யோசனை. முதல் இரண்டு தடவையும் வந்தவர்கள் முறைப்பாடு சொன்னார்கள். மூன்றாம் தடவை சிவம் அண்ணையே பஸ்ஸில் ஏறினார். "இண்டைக்கும் ஆக்கள் முணுமுணுத்தால், அடுத்த மாசம் பஸ் பிரைட்டன் கடற்கரைக்கு."

அத்திவாரம்

மூவாயிரம் வருஷத்துக்கு மேல் பழைய வீடு, நடுவில் கம்பம், மேலே புல் வேய்ந்த கூரை என்றெல்லாம் விளக்கினேன். சட்டனிலிருந்து வந்த ராசமலர் அக்கா கல்வட்டத்தை ஒருமுறை சுற்றி வந்தார்.

"தம்பி, இது வீடில்லை, அத்திவாரம். என்ர மருமகனும் கவுன்சில் பெர்மிஷன் வரேல்லை எண்டு இப்பிடித்தான் விட்டிட்டு நிக்கிறான்."

எல்லோரும் சிரித்தார்கள். சிவம் அண்ணை சிரிக்கவில்லை.

தென்கிழக்கு வாசல்

கூட வந்த கனகு அண்ணை ஜெர்மனியில் வீடு கட்டும் வேலை செய்தவர், இப்போது சவுத்தாலில் அதே வேலை. போனில் திசை பார்த்துத் தலையை ஆட்டினார். "வாசல் அக்கினி மூலையில. இதில இருந்தவன் உருப்பட்டிருக்க மாட்டான்."

நான் வாயைத் திறக்குமுன் மேற்கிலிருந்து காற்று அடித்தது. எல்லோரும் மேற்குச் சுவரடியில் குந்தினோம். வாசல் பக்கமிருந்து காற்று வரவேயில்லை. கனகு அண்ணை தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வாஸ்து பாக்கேல்லை. குளிர் பாத்துக் கட்டியிருக்கிறான். கெட்டிக்காரன்."

சப்பாத்து

குந்தின இடத்திலேயே சாப்பிடலாம் என்று முடிவானது. பாயை எடுக்க பஸ்ஸுக்குப் போன ராசமலர் அக்கா, திரும்பி வரும்போது வாசற்கல்லடியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அதைப் பார்த்த மற்றவர்களும் எழும்பிப் போய்க் கழற்றினார்கள். ஈரப் புல்லில் சப்பாத்துகள் வரிசையாக நின்றன.

வெளியே போய்ப் போனில் பேசி முடித்த சிவம் அண்ணை, சப்பாத்தோடு சுவரைத் தாண்டி உள்ளே காலை வைத்தார்.

"சிவம், வாசல் அங்கால இருக்கு," என்றார் அக்கா. "கழட்டிப்போட்டு வாரும்."

அவர் சுற்றிப்போய், கழற்றிவிட்டு, வாசலால் வந்து உட்கார்ந்தார். புளிச்சோறும் முட்டைப் பொரியலும் இரண்டாம் தரமும் வாங்கினார். முணுமுணுக்க ஒருவருக்கும் வாய் ஒழியவில்லை. பிறகு புல்லில் நனைந்த தன் கால்களைப் பார்த்தார்.

"அடுத்த மாசமும் இஞ்சதான். ஆனால் ஐசே, ஆளுக்கு ஒரு சோடி சொக்ஸ் கூடக் கொண்டுவரச் சொல்லும்."

நான் மூன்று தடவை பேசியும் வீடாகாத கல்வட்டம், வாசலில் சப்பாத்தைக் கழற்றியதும் வீடாகிவிட்டது.