நாத்தனார் முடிச்சுக்கு ஒரு கேப்சர் கார்டு

"ரெண்டு கேமராவும் ஒழுங்காத்தானே ஓடுது! மூணாவதுக்குன்னு புதுசா ஒரு கார்டு கேக்குறியே, உனக்கு வீட்ல வேற வேலை இல்லையா?"

என் கணவர் இப்படிக் கேட்டபோது என் ஒரு கையில் தோசைத் திருப்பி, இன்னொரு கையில் அவருடைய கேமரா வயர். வேறு வேலை இல்லையாம்!

கல்யாணத்தை லைவாகக் காட்டுகிற தொழிலில், மாப்பிள்ளையைத் தவிர மற்ற எல்லாருக்கும் நம்மைத் திட்ட நேரம் இருக்கும். எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். இவர் கேமராவைத் தூக்குவார். நான் மண்டபத்து மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எந்தக் கேமராவின் படம் வெளியே போக வேண்டும் என்று பட்டனைத் தட்டுவேன். கணவரின் தொழிலுக்கும் சேர்த்து வாக்கப்பட்ட சகோதரிகளே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். கேமராவில் தெரிவதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற சாமானுக்குத்தான் கேப்சர் கார்டு என்று பெயர். அன்றைய சண்டை அதற்காக.

சண்டையை ஆரம்பித்து வைத்தவர் வையம்பட்டி தனலட்சுமி அக்கா. தோட்டம், கிணறு, மாடு என்று இருக்கிற குடும்பம். மகனுக்குக் கல்யாணம். மகள் கவிதா மஸ்கட்டில் நிறைமாதம். விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போட்டால், மிச்சம் இரண்டும் நாத்தனார் போட வேண்டியவை. கவிதாவுக்குப் பதிலாக அவள் சித்தி மகள் போடப் போகிறாள். முடிச்சு விழுவது பெண்ணின் கழுத்துக்குப் பின்னால். எங்கள் இரண்டு கேமராவும் நிற்பது முன்னால். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரு கட்டுனாலும் சரி தங்கச்சி, அந்த முடிச்சு விழுறது என் மவ கண்ணுல படணும். போன்ல பேசவே மாட்டேங்குறா, அழுவுறா."

பெண்ணுக்கு மட்டும் கட்டம்

இவருக்கு எல்லாக் குற்றமும் கார்டு மேல்தான். முன்னொரு தடவை காட்டூரில் ஒரு வரவேற்பு. லைவைத் திறந்தால் மணப்பெண்ணின் முகத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு சதுரம். அவள் திரும்பினால் அதுவும் கூடவே திரும்புகிறது. மூலையில் பேட்டரி படம் வேறு. "கார்டு டூப்ளிகேட், வேற வாங்கணும்" என்றார் இவர். நான் கேமராவின் மெனுவைக் குடைந்தேன். கேமரா தன் திரையில் காட்டுகிற குறிகளையெல்லாம் வெளியேயும் அனுப்பு என்று யாரோ வைத்திருந்தார்கள். யாரோ என்றால் இவர்தான். அணைத்தேன், சதுரம் போயிற்று.

அதற்குள் அந்தச் சதுரம் அரைமணி நேரம் லைவில் ஊர் உலகமெல்லாம் போய்விட்டது. மாப்பிள்ளையின் அத்தை போனைத் தூக்கிக்கொண்டு நேரே என் மேஜைக்கு வந்தார். "பொண்ணு மூஞ்சிக்கு மட்டும் பார்டர் போட்டுருக்கீங்க, எங்க பையனுக்கு ஏன் போடல? நாங்களும்தானே பாதிக் காசு குடுக்குறோம்?"

ஜாங்கிரி நேரடி ஒளிபரப்பு

அப்போது எங்களிடம் இருந்தது கம்ப்யூட்டரின் வெளியே சொருகுகிற, விரல் நீளத்துக்கு இரண்டு குச்சி கார்டு. ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே பெயர். இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே பெயர் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் எது எது என்று அதற்கே குழப்பம். இரண்டையும் ஒரே யு.எஸ்.பி. ஓட்டையில் கோத்து விட்டால் ஒன்று திக்கித் திக்கி ஓடும்.

எடமலைப்பட்டி புதூரில் ஓர் அறுபதாம் கல்யாணம். நடுவில் கரண்ட் போய் வந்தது. மாலை மாற்றுகிற நேரம் நான் மேடைக் கேமராவின் பட்டனைத் தட்டினேன். லைவில் போனது பந்திக் கூடம். அங்கே ஆளில்லாத வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் உட்கார்ந்து, இலையில் அடுக்கிய ஜாங்கிரியை ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டிருந்தார். நான் வேர்த்து விறுவிறுத்து வயரை மாற்றுவதற்குள், அவருடைய மனைவி காதில் போனை வைத்துக்கொண்டே பந்திக் கூடத்துக்குள் பாய்ந்தார். "கையில இருக்கறதக் கீழ வைங்க! சுகர் மாத்திரை போட்டாச்சான்னு அமெரிக்காவிலேர்ந்து உங்க பொண்ணு கேக்குறா!"

இந்தக் குச்சிகளோடு மூன்றாவதாக இன்னொன்றையும் சேர்த்து வையம்பட்டிக்குப் போகலாம் என்பது இவருடைய யோசனை. மாட்டேன் என்றேன். கவிதாவுக்கு முடிச்சைக் காட்ட வேண்டிய நேரத்தில் ஜாங்கிரியைக் காட்டினால் அந்தப் பெண் என்ன ஆவாள்?

கேமிங்கா மேடம்?

திருச்சிக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஏறினேன். "கேமிங்கா மேடம்? பையனுக்கா?" என்று சிரித்தார் கடைக்காரர். "கல்யாணத்துக்கு" என்றதும் சிரிப்பு நின்றது. ஒரே கார்டில் நாலு கேமரா மாட்டணும். நாலும் ஒரே சமயத்தில் முழுசாகத் தெரியணும், ஒன்றைக் காட்டும்போது மற்றது அணையக்கூடாது. கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளே நிரந்தரமாக உட்காரணும் என்றேன். பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார். நாலு ஓட்டை இருந்தது. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும் என்று அட்டைப் பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் அடித்துச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: கேள்வியைக் கடைசி வரி வரைக்கும் படி.

வேறொன்று வந்தது. எங்கள் பெட்டியைத் திறந்து எடுத்த போட்டோவைப் போனில் காட்டி, "இந்த நீள ஸ்லாட்ல டிஸ்ப்ளே கார்டு இருக்கு, கீழ இருக்கிற ஸ்லாட் இதுக்குப் போதுமா?" என்று கேட்டேன். அவர் யாருக்கோ போன் போட்டுக் கேட்டுவிட்டு, போதும் என்றார். பில் போடும்போது பெருமூச்சு விட்டார். "எல்லாரும் வாங்கிட்டுப் போயிட்டுத்தான் மேடம் இதெல்லாம் கேப்பாங்க. நீங்க வாங்குறதுக்கு முன்னாடியே கேக்குறீங்க."

சந்தனம்

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் கார்டை மாட்டும் வேலையை இவரிடம் விட்டுவிட்டுச் சமையலை முடிக்கப் போனேன். தப்பு என்னுடையதுதான். திரும்பி வந்து போட்டால், மூன்று கேமரா என்ன, அரை கேமராகூட வரவில்லை. கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு கார்டு இருப்பதே தெரியவில்லை. வேனுக்குச் சொல்லியாயிற்று. இவர் கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்தார்.

நான் பெட்டியைத் திறந்து கார்டை உருவினேன். வாசனை வந்தது. புதுப் பொருளாயிற்றே என்று சாமி முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து மாட்டியிருக்கிறார். வைத்த இடம், கார்டின் அடியில் தங்க நிறத்தில் பல்வரிசை மாதிரி இருக்குமே, அங்கே. அதுதான் ஸ்லாட்டுக்குள் போய்க் கம்ப்யூட்டரோடு பேசுகிற இடம். அழிரப்பரால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து, ஸ்லாட்டைப் பிரஷ்ஷால் தட்டி மாட்டினேன். மூன்று கேமராவும் திரையில் பளிச்சென்று வந்தன. இவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. "பாத்தியா, சாமி கும்பிட்டு மாட்டுனதாலதான் உன் கண்ணுல பட்டுச்சு."

மூன்றாவது முடிச்சு

வையம்பட்டி மண்டபத்தில் மூன்றாவது கேமராவை மணமேடைக்குப் பின்னால், பூ அலங்காரத்தின் இடுக்கில், உயரமான ஸ்டாண்டில் வைத்தோம். கெட்டிமேளம் கொட்டியது. முன்பக்கக் கேமரா இரண்டிலும் எதிர்பார்த்தபடியே ஒரே முதுகுகள். நான் மூன்றாவதைத் தட்டினேன். பெண்ணின் கழுத்து, மல்லிகைச் சரம், மஞ்சள் கயிறு, மாப்பிள்ளையின் விரல். முதல் முடிச்சு. பிறகு சித்தி மகளின் வளையல் கை. இரண்டு. மூன்று. ஒரு தலைகூடக் குறுக்கே வரவில்லை.

தனலட்சுமி அக்கா மேடையில் இல்லை. என் மேஜை பக்கத்தில், மகனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனையே பார்த்து நின்றார். படம் மஸ்கட் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். "பாத்துருப்பாளா?" என்றார். "இருங்கக்கா" என்றேன். போன் அடித்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார். முதலில் அழுகை, அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம், அப்புறம் தெளிவான குரல்.

வாடிக்கையாளர் கேட்டதைத் துல்லியமாகக் காட்டிவிட்டால், அடுத்த புகாரும் அதே துல்லியத்தோடு வந்து சேரும் என்பதுதான் இத்தனை கார்டு மாற்றி நான் கற்றது.

"அம்மா, எல்லாம் பாத்துட்டேன். ரெண்டாவது முடிச்சு சரி. மூணாவத அவ தொளதொளன்னு போட்டுருக்கா. யாராச்சும் அதைக் கொஞ்சம் இறுக்கி விடுங்களேன்... அம்மா? யாராச்சும் இருக்கீங்களா?"

அக்கா முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகையும் சிரிப்புமாகக் குலுங்கிக்கொண்டிருந்தார். மேடையில் எல்லாரும் அட்சதை போட்டுக்கொண்டிருந்தார்கள்.